தோட்டத்துக்கு வந்த கிளினிக்

மனநல கிளினிக் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே வர வேண்டும் என்று இரண்டு வருடம் நாயாய் அலைந்தவள் நான். அது வந்த மாதமே என் தங்கை ஊசி போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தங்கை கொழுந்து பறிக்கிறாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கிறோம். பதினெட்டு வயதில் அவளுக்குக் காதில் யாரோ பேசுவது போலக் கேட்கத் தொடங்கியது. அப்போது எங்களுக்குத் தெரிந்த வைத்தியர் கோடாங்கி ஒருவர்தான். உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார், கடைசியில் அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார். பூட்டினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. மாதம் ஒரு ஊசி என்று டாக்டர் எழுதிய பிறகுதான் அவள் மறுபடி கூடையை எடுத்தாள்.

அந்த ஊசிக்காக மாதாமாதம் நான் லீவு போட்டேன். ஹட்டன் டவுனுக்கு பஸ்ஸில் நசுங்கி, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து பாதி நாள் காத்திருந்து, டாக்டர் சிங்களத்தில் கேட்பதை அவளுக்கும் அவள் சொல்வதை டாக்டருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லித் தொண்டை வறண்டது. லயத்தில் கேட்டவர்களிடம் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். பள்ளிக்கூட அதிபரோ என் லீவு ஃபோர்மைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். அலுத்துப் போய்த்தான் மனு எழுதினேன், இரண்டு மொழியிலும்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில்தான் கிளினிக்; தொடக்க விழாவில் ஓர் அதிகாரி அரை மணி நேரம் பேசினார். இனி வைத்தியம் மக்களைத் தேடி வருமாம். அடுத்த கட்டமாக வீட்டிலிருந்தபடியே போனில் டாக்டரைப் பார்க்கலாமாம். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். இருந்தும் வெட்கமில்லாமல் கைதட்டினேன்.

முதல் கிளினிக் நாள் காலை. எங்கள் லயத்துக்கு எதிரேதான் பெரட்டுக் களம், தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வழக்கம்போலச் சத்தம் போட்டார்.

“கவ்வாத்துக்காரங்க அஞ்சாம் நம்பர் மலை! கொழுந்துக்காரங்க பத்தாம் நம்பர்! தலைக்கு ஊசி போடுறவங்க மூணு பேரும் பிள்ளை மடுவத்துக்குப் போங்க!”

மூன்று பேரின் பெயரையும் வாசித்தார். இரண்டாவது பேர் தங்கையுடையது. அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நேரே பத்தாம் நம்பர் மலைக்கு ஏறிவிட்டாள்.

லயமே கேட்க இப்படிக் கூப்பிடலாமா என்று கண்டாக்கையாவிடம் சண்டைக்குப் போனேன். மனுஷன் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார்.

“பெரட்டுல கூப்பிடாம விட்டா அவங்க வேலைக்கு வரலேன்னு ஆயிடும் டீச்சர். அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேர் விழட்டும்னுதான் கூப்பிட்டேன். நீங்க கேட்ட கிளினிக்தானே?”

கெட்ட எண்ணம் இருந்தால் திட்டித் தீர்க்கலாம். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்ற இருவருக்கும் கிளினிக் வந்ததில் சந்தோஷம். ஒருவருக்கு முழங்கால் வீக்கம், பஸ் ஏற முடியாது. அதனால் வேண்டாம் என்றும் சொல்ல வாயில்லை.

அடுத்த மாதமும் அவள் போகவில்லை. தூக்கம் குறைந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யாருக்கோ மெல்லப் பதில் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“வாசல்ல கொண்டாந்து வச்சும் போடமாட்டேங்கிறியே, ஒனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்!” என்று கத்தினேன்.

“ஒங்களுக்கு லீவு மிச்சம் அக்கா,” என்றாள் அவள். “ஹட்டன்ல என்னைய யாருக்கும் தெரியாது. ஊசி போட்டுட்டு கடையில வடை தின்னுட்டு வருவோம். மாசத்துல அந்த ஒரு நாள்தான் நான் சும்மா ஒரு பொம்பளையா இருந்தேன்.”

மறுநாளே லீவு போட்டு அவளை டவுனுக்குக் கூட்டிப் போனேன். ஃபைல் தோட்டத்துக்கு மாறிவிட்டது, இங்கே போட முடியாது என்றார்கள். நான் போட்ட கூச்சலில் வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் தாதி ஒருவர் ஊசியைப் போட்டுவிட்டு, ஃபைலைத் திருப்பி எடுக்கக் காரணத்தோடு ஒரு கடிதம் வேண்டும் என்றார். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பிரயாண வசதி, மொழிப் பிரச்சினை, தனியுரிமை என்று வசனங்கள் வரிசையாக மனதில் வந்தன.

தங்கை கையை நீட்டினாள். “குடுங்க அக்கா, நானே எழுதுறேன்.”

ஒரே வரிதான் எழுதினாள்: எனக்கு இங்க வரத்தான் பிடிக்கும்.

அதற்குக் கீழே சிங்களத்தில் மொழிபெயர்த்து எழுதினேன். இரண்டு வருடம் ஊரெல்லாம் அலைந்தேன். ஒரு நாள்கூட அவளிடம் கேட்கவில்லை.