இரண்டு மில்லிமீட்டர்

நஸீர் போய்விட்டான்... காலையில் நெஞ்சுவலியாம். மாளிகாவத்தையில் அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.

போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் அப்படியே இருக்கிறேன். வெள்ளவத்தையில் ரயில் போகிறது, வீடு மெல்ல ஆடுகிறது. இன்னும் முழிப்பு வராதது போல இருக்கிறது எனக்கு.

அவனும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே லேப். மண்ணுக்குள்ளிருந்து வரும் எலும்புகள் ஆணுடையவையா, பெண்ணுடையவையா என்று அளந்து சொல்வது எங்கள் வேலை.

பெட்டியைத் திறக்கும்போது நஸீர் எலும்புகளிடம், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பான். பின்னேர வெயிலில், வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாகப் பரப்புவான்... தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி.

ஒருவர் அளந்து சொல்ல மற்றவர் எழுதுவார். அடுத்த நாள், பழைய ஷீட்டைப் பார்க்காமல், ஆள் மாறி அளப்போம்.

ஒருமுறை ஒருகொடவத்தையில் மண் வெட்டிய இடத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஆணா பெண்ணா என்று உறுதியாகக் காட்டும் இடுப்பெலும்பு இல்லை, தொடை எலும்பு மட்டும் இருந்தது.

கொலன்னாவையிலிருந்து ஒரு அம்மா வந்தார். காணாமல்போன கணவருடைய சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஆம்பளையான்னு மட்டும் சொல்லுங்க மேடம். அவரா இருந்தா காரியம் பண்ணிட்டு அழுது தீத்துருவேன்."

அன்று நஸீர் சொன்ன அளவு பெண் பக்கம்தான் சாய்ந்தது. ஆண் பக்கம் வரட்டும் என்று நான் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி எழுதினேன். அந்த அம்மாவுடைய காத்திருப்பு அன்றோடு முடியட்டும் என்று... வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் அளக்கிற கலிபர் என் கையில். ராத்திரி நித்திரை இல்லை, உள்ள அளவையே சொல்லிவிட்டேன். அவன் எழுதினான்.

இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

"நேத்து என்ட கை சரியில்ல போல, அக்கா."

முதல்நாள் அளவை வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டான்.

பிறகு சலித்த மண்ணில் இடுப்பெலும்புத் துண்டுகள் கிடைத்தன. பெண்தான்.

"இவங்களயும் யாராச்சும் தேடுவாங்க தானே, அக்கா" என்று அந்தத் துண்டுகளையும் வெள்ளைத்தாளில் கிடத்தினான்.

பெண் என்று சொன்னதும் அந்த அம்மா சட்டையை மறுபடி மடித்தார். "அப்ப வருவாருன்னு இன்னும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த ஷீட் இன்னும் ஃபைலில் இருக்கிறது, அவனுடைய பிழையாக. இத்தனை வருடம் நானும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போய் வா, நஸீர்... உன்ட கை சரியாத்தான் இருந்தது. பிழை என்ட கையில.