மாப்பிள்ளை மீனுக்குத் தனி இலை

இறாலைத் தொடுவதற்கு முன் லூர்தம்மாள் மூன்று முறை கை கழுவுவாள், சோப்புப் போடாமல். சோப்பு வாடை பட்டால் மீன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். மீனுக்கு நறுக்கி முடிக்கும்வரை வெங்காயம், மிளகாய் எதையும் தொடமாட்டாள். ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவி, சதையைக் கடுகளவுக்கு நறுக்குவாள். மனிதர்களுக்குத் தொக்கு செய்யும்போதுகூட அவள் கத்தி இவ்வளவு பொறுமையாக இறங்குவதில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை மேனேஜர் வீட்டில் அவள் சமையல்காரி. மத்திகிரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறாள். கடல் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டும் ஊரில், மேனேஜர் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, பம்பாயிலிருந்து தருவித்த உப்பைக் கரைத்துக் கடல் மீன் வளர்க்கிறார். பேர் அவருக்கு, பாடு இவளுக்கு.

தொட்டியில் ஆரஞ்சு நிறப் பொடி மீன்கள் நாலைந்து உண்டு. எது விழுந்தாலும் தின்னும். நீண்ட மூக்கும் மஞ்சள் உடம்புமாக இருக்கும் பெரிய மீன்தான் சங்கதி. அவள் அதற்கு வைத்த பெயர் ‘மாப்ள’. தலைதீபாவளிக்கு வந்த மருமகன் மாதிரி எதிலும் குறை காணும். டப்பாத் தீனியை ஏறெடுத்தும் பார்க்காது. இறால் துணுக்கைப் பொந்துக் கல்லில் அப்பி உள்ளே இறக்கினால் மட்டும் மூக்கை நுழைத்துக் கொத்தித் தின்னும் என்று கண்டுபிடித்தவள் லூர்தம்மாள். “மொதல்ல பந்திக்கு முந்துற கூட்டத்த அந்த மூலையில உக்கார வெக்கணும். அப்பறந்தான் மாப்ளைக்குத் தனி எல” என்பாள்.

அந்த மாப்பிள்ளை தொண்ணூற்று மூன்று டிசம்பரில் சாப்பாட்டை நிறுத்தியது. பொடி மீன் ஒன்று செத்து மிதந்தது. மேனேஜர் மனைவி தொட்டியைப் பார்க்கவில்லை, சமையல்காரியைப் பார்த்தாள்.

“எறால் எல்லாம் மீனுக்குத்தான் போகுதா, லூர்து?”

கேட்டதோடு விடவில்லை. மாலையில் கிளம்பும்போது பையை வாங்கித் திறந்து துழாவினாள். ஏழு வருஷமாகப் பின்கதவுச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறவளின் பையை! படித்த குடும்பம் என்று பேர். லூர்தம்மாள் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கங்கப்பனிடம்தான் வெடித்தாள்.

“அவங்க வூட்டுக் கொழம்ப ருசி பாக்கக்கூட உள்ளங்கையில ஒரு சொட்டுக்கு மேல வுட்டதில்ல கங்கப்பா நானு. என்னப் போயி எறால் திருடின்றாங்க!”

வேலையை விட்டிருப்பாள். திருடி என்ற பேரோடு விட மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓசூர்க் குளிருக்குத் தொட்டியில் ஹீட்டர் எரிந்தபடியே இருந்ததால் வாரத்துக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் இறங்கிவிடும். உப்பை அளக்கும் கண்ணாடிக் குழல் உடைந்து இரண்டு மாதமாகிறது. லூர்தம்மாள் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போனது.

“சார், வத்துன தண்ணிக்கு வாராவாரம் உப்புத் தண்ணியேவா ஊத்துறீங்க?”

“கடல் மீனுக்கு நல்ல தண்ணியா ஊத்துவாங்க?”

“கொழம்பு சுண்டுனா தண்ணிதான சார் போவுது? உப்பு உள்ளதான் கெடக்கும். சுண்டுன கொழம்புல இன்னும் உப்பு அள்ளிப் போட்டா யாரு சார் துன்றது?”

மேனேஜர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை. தெரியாமல் செய்ததன் பழியைச் சமையல்காரி தலையில் கட்டினார்களே, அதுதான் குற்றம்.

தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, பிடித்துவைத்த நல்ல தண்ணீரை ஊற்றினார்கள். பத்தாம் நாள் மாப்பிள்ளை கல்லில் மூக்கை நுழைத்தது.

அடுத்த ஞாயிறு விருந்தாளிகள் வந்தார்கள். தொட்டியில் கோளாறு எது என்று தானே கண்டுபிடித்த கதையை மேனேஜர் அவர்களுக்குச் சொன்னார். லூர்தம்மாள் என்ற பேரே அதில் வரவில்லை. அவள் கிளம்பும் நேரத்தில் மேனேஜர் மனைவி ஒரு பொட்டலத்தை நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி, “மிச்ச எறால நீயே எடுத்துட்டுப் போ லூர்து” என்றாள். மன்னிப்பை அந்தப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

லூர்தம்மாள் பொட்டலத்தைத் தொடவில்லை. விருந்தாளிகள் நடுவே இருந்த டீப்பாயருகே போனாள். பையை அதன் மேல் கவிழ்த்தாள். காலி டிபன் பாக்ஸ், சீப்பு, செபமாலை, பஸ்ஸுக்கான சில்லறை. பையின் உட்புறத்தை வெளியே இழுத்து, மேனேஜர் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு முறை உதறினாள்.