மாமா கையில் மோட்டார்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தும் தாண்டாதவன் எழுதி எவன் படிக்கப்போகிறான்? ஆனால் எங்கள் மாமாவின் கையில் மோட்டார் ஓடியதைத் தெருவுக்கே சொன்னவன் நான். அதற்காகவாவது எழுத வேண்டும்.

அப்போது பொழிச்சலூரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மாற்றுக் கிட்னி கிடைத்தால் கூப்பிடுவார்கள் என்று செல்போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஊசி குத்துவதற்காக அவருடைய இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே காதை வைத்தால் உர்ரென்று சத்தம் கேட்கும். தொட்டால் விரல் கூசும்.

எனக்கு அது போதாதா? மோட்டார் என்று தெருவெல்லாம் பரப்பினேன். ஒரு தடவை கேட்க எனக்கு ஒரு ஓவர் பேட்டிங் தர வேண்டும். மாமாவும் கூட்டுக் களவாணி. கையை நீட்டி, சுவிட்ச் போடுவது போல மூக்கைத் திருகிக்கொள்வார். மேலே விமானம் போனால் அது கடக்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாளைக்கு அவருக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்குவார்.

நான் சும்மா இருப்பேனா? மோட்டார் நின்றுவிட்டதென்று இரண்டு முறை புளுகி அவரைப் பதறவைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தக் கையைத் தலைக்குக் கொடுத்து அயர்ந்து தூங்கி எழுந்தவர், ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எதிர்வீட்டு சேகரைக் கூட்டிப்போனேன். ஓவரை முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தான். காதை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"இன்னாடா, ஒண்ணியும் கேக்கல. ஓவர திருப்பிக் குட்றா."

நான் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

"மாமா, நெஜமாவே நின்னுடுச்சு."

மாமா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மூணாவது வாட்டியா, போடா என்று சிரித்தார்.

சேகர்தான் விடவில்லை. ஓவர் போன ஆத்திரம் அவனுக்கு.

"அவன வுடுங்க மாமா, நான் சொல்றேன். சத்தியமா ஓடல. ரெண்டு பேரும் சேந்துகினு ஏமாத்தறீங்க."

அப்போதுதான் மாமா தொட்டுப் பார்த்தார். விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். வாயிலிருந்த ஐஸைத் துப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். சட்டைப் பொத்தானைப் போடக்கூட நேரமில்லை. ஆட்டோ குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. நான் கொஞ்சமும் அசரவில்லை. விளையாடப் போய்விட்டேன்.

அடைத்திருந்த ரத்தக்கட்டியை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். உடனே வந்ததால் கை பிழைத்தது என்றார்களாம். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த மாமா, கையை முதலில் சேகரிடம்தான் நீட்டினார். உர்ர்ர். வாசலில் நின்ற பையன்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் வயிறெரிந்தது. மோட்டார் எங்கள் வீட்டுடையது, மரியாதை அவனுக்கா?

ஒன்றரை வருஷம் கழித்துக் கிட்னி வந்தது. அதுவரை மாமாவின் உயிர் அந்த மணிக்கட்டு வழியாகத்தான் ஓடியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தினமும் கண் விழித்ததும் அவர் கையைக் காதில் வைத்துக்கொள்வதைப் பார்த்து, அவருக்கும் அது விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

எழுதியதைச் சேகருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"எல்லாம் எழுதிட்ட, ஆட்டோ பின்னாடியே அழுதுகினு ஓடினத மட்டும் காணோமே மச்சான்."