அரசருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

நீக்கிலாஸின் படம் போட்ட பதாகை பாலையூற்றுச் சந்தியில் தொங்கிய நாளிலிருந்து கஸ்பார் துறைமுகத்துக்குச் சுற்றுவழியால் போகத் தொடங்கினார். பெற்றோல் வீண் என்று மனைவி எமில்டா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழுத்தவில்லை.

கஸ்பாரும் நீக்கிலாஸும் ஒரே ஒழுங்கையில் பிறந்து, ஒரே நாளில் கோயிலில் முதல்நன்மை எடுத்து, ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். பிறகு மீனவர் சங்கத் தலைவர் தெரிவு வந்தது. இரண்டு பேரும் போட்டிக்கு நின்றார்கள். ஒன்பது வாக்கால் நீக்கிலாஸ் வென்றான். அடுத்த மாதமே கஸ்பார் கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்து இழுவைப்படகில் கயிறு பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கோதுமைக் கப்பல் எவ்வளவு பெரிதானாலும் இழுவைப்படகு இல்லாமல் கரையை அணைய ஏலாது. ஆனால் கரையில் நிற்கிற சனம் கப்பலைத்தான் பார்க்கும். அதை நினைக்கிறபோதெல்லாம் அவருக்கு நீக்கிலாஸின் முகம்தான் வந்தது. சங்கத்திலிருந்து அவன் பிரதேச சபைக்குப் போனான். இந்த வருடம் அந்தச் சபைக்கே தலைவராக, தவிசாளராகவும் வந்துவிட்டான்.

கோயில் மட்டும்தான் கஸ்பாருக்கு மிச்சம். கிறிஸ்து அரசர் கோயிலில் பதினேழு வருடமாக ஞாயிறு இரண்டாம் வாசகம் அவருடைய குரலில்தான். பீடத்துக்கு இடப்பக்கம் அவருக்கென்று ஒரு கதிரை. அந்தக் குரலும் கதிரையும் நீக்கிலாஸிடம் இல்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

நவம்பர் மாதம், திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில் பங்குச்சபை கூடியது. செயலாளர் எழும்பிச் சொன்னார்:

"இந்தமுறை எங்கட தவிசாளர் பூசைக்கு வாறார். பீடத்துக்குள்ள, பாதருக்குப் பக்கத்தில நல்ல கதிரை ஒண்டு போடவேணும். மாலையும் சொல்லிப் போட்டன்."

கஸ்பார் எழும்பினார்.

"ஆருடைய திருவிழா இது? கிறிஸ்து அரசருடையது. எல்லா அரசருக்கும் மேலான அரசர் எண்டு வருசா வருசம் நாங்களே பாடுறம். அவருக்குப் பக்கத்தில இன்னொருத்தருக்குக் கதிரையோ? நாளைக்கு மந்திரி வந்தால் பீடத்தையே தள்ளி வைப்பியளோ?"

சபையில் மற்றவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். இளம் பங்குத்தந்தை மட்டும் மெல்லத் தலையாட்டினார்.

"கஸ்பார் அண்ணை சொல்லுறது சரி. பீடத்துக்குள்ள கதிரையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். வாறவர் சனத்தோட வாங்கில இருக்கட்டும்."

அன்று வீட்டுக்கு வந்த கஸ்பார் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நடந்ததை எமில்டாவுக்குச் சொல்லச் சொல்ல அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப உங்கட கதிரை?"

"என்ர கதிரைக்கு என்ன?"

"அதுவும் பீடத்துக்குள்ளதானே கிடக்குது."

"அது வாசகருக்கு."

"மற்ற வாசகர்மார் வாங்கில இருந்து எழும்பிப் போய்த்தானே வாசிக்கினம்."

அவர் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கோயிலுக்குப் போய், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கதிரையைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்தார். நீக்கிலாஸுக்கு இல்லையென்றால் தனக்கும் இல்லாமல் போகட்டும் என்ற வீம்பில்தான் தூக்கினார்.

திருவிழாவன்று விடியவே மழை. நனையாமல் நிற்க எல்லாரும் நேரத்தோடு உள்ளே வந்ததால் வாங்குகள் நிறைந்துவிட்டன. முதலாம் வாசகம் முடிகிற நேரம் நீக்கிலாஸ் வந்தான். வெள்ளைச் சட்டை, பின்னால் மூன்று பேர். பீடத்தைப் பார்த்தான், கதிரை இல்லை. வாங்குகளைப் பார்த்தான், இடமில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் கோபத்தோடு செயலாளரைத் தேடிப் புறப்பட, நீக்கிலாஸ் அவரின் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு பின்தூணோடு போய் நின்றுகொண்டான்.

கஸ்பார் முன்வாங்கிலிருந்து திரும்பி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவக்கும், பாதியில் வெளிக்கிட்டுப் போவான் என்று ஆசையோடு காத்திருந்தார். அவன் கையைக் குவித்து நின்றான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. நிற்கிற நிலையில்கூட அவன் தன்னை வென்றுவிட்டதுபோல இருந்தது.

இரண்டாம் வாசகம் கஸ்பாருடையது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். விண்ணிலும் மண்ணிலும் உள்ளவை யாவும், அரியணையும் ஆட்சியும் அதிகாரமும், கிறிஸ்து வழியாகவே, கிறிஸ்துவுக்காகவே உண்டாயின என்று வருகிற பகுதி. அந்த இடத்தில் குரலை உயர்த்தி, நீக்கிலாஸை நேரே பார்த்து வாசிக்க வேண்டும் என்று வீட்டில் நாலைந்து தரம் பழகியிருந்தார்.

உயர்த்தினார். நிமிர்ந்து பார்த்தார். நீக்கிலாஸின் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த முழங்கால் கஸ்பாருக்குத் தெரியும். கொட்டியாரக் குடாவில் ஒருநாள் வள்ளத்துக்கும் பாறைக்கும் இடையில் அகப்பட்டு நொறுங்கிய முழங்கால். அன்று அவனை முதுகில் போட்டுக்கொண்டு மூதூர் ஆசுபத்திரிக்கு ஓடியது அவர்தான். அதை அவர் மறக்கவில்லை. பதாகையில் இருந்த அந்தச் சிரிப்புக்குக் கீழே காலும் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வரியில் குரல் இடறியது. அதிகாரம் எல்லாம் கிறிஸ்துவுக்குக் கீழே என்றால் இந்த ஒலிவாங்கியும் அவருக்குக் கீழேதான். இதை வைத்துக்கொண்டு நான் ஆரை அடிக்கிறன் என்று நெஞ்சுக்குள் கேட்டது. ஒருவாறு வாசித்து முடித்தார்.

நற்செய்திக்குப் பிறகு பிரசங்கம். எல்லாரும் இருந்தார்கள், நீக்கிலாஸ் மட்டும் நின்றான். கஸ்பார் எழும்பிப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே இருந்தது அவருடைய கதிரை ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு ஓரத்தால் நடந்து தூணடியில் வைத்தார்.

"இரு."

நீக்கிலாஸ் மெதுவாகக் கேட்டான், "கதிரை போடவேண்டாமெண்டு நீதானாம் சொன்னனீ?"

"அரசருக்குப் பக்கத்தில வேண்டாமெண்டு சொன்னனான். முழங்காலுக்கு வேண்டாமெண்டு சொல்லேல்ல."

நீக்கிலாஸ் தூணைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தான். இருக்கும்போது வலியில் பல்லைக் கடித்தான்.

கதை இதோடு நல்லபடி முடிந்திருக்கலாம். பூசை முடிந்து வெளியே வந்தால் முற்றத்துச் சனமெல்லாம் நீக்கிலாஸைச் சுற்றித்தான். "தவிசாளர் எவ்வளவு பணிவா நிண்டார், பாத்தியளே" என்று செயலாளரின் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கதிரை கொண்டுபோனவரைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. கஸ்பாருக்குத் திரும்பவும் பற்றிக்கொண்டது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்னும் எரியுது எமில்டா," என்றார். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

வந்த சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். "பாதர், கதிரை வேண்டாமெண்டு நான் சொன்னது ஆண்டவருக்காக இல்லை. அவன் அதில இருக்கிறதை என்னால பார்க்க ஏலாது எண்டுதான் சொன்னனான்."

"சொன்னது சரியான சொல், அண்ணை. நாட்டை ஆளுறவரும் ஆண்டவருக்குக் கீழதான்." பாதர் முன்னுக்குக் குனிந்தார். "பொறாமைப்படுறவரும் அவருக்குக் கீழதான். அந்தப் பொறாமையை இனி நீங்கள் ஆளவேண்டாம், அவரிட்ட விடுங்கோ. ஒவ்வொரு நாளும் நீக்கிலாஸின்ர பேரைச் சொல்லி மன்றாடுங்கோ."

"எத்தினை நாளைக்கு?"

"நான் நாள் சொல்லேல்ல."

இப்போது கஸ்பார் வேலைக்குச் சந்தியாலேயே போகிறார். பதாகைக்கு எதிரே மோட்டார்ச் சைக்கிளை மெதுவாக்கி அந்தப் பெயரைச் சொல்லுகிறார். "ஆண்டவரே, நீக்கிலாஸை ஆசீர்வதியும்." சில நாளில் பெயரைச் சொல்ல முதலே பல் கடிபடும். அப்படியான நாளில் சந்தி தாண்டியும் வாய் திறக்காது, துறைமுக வாசல் வரைக்கும் போய்விடும். அங்கே அடையாள அட்டையைக் காட்டுவதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்.