இசக்கிப்பாண்டி போட்ட காப்பி

மும்பை தாராவியில் இட்லி விற்கும் இசக்கிப்பாண்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் ஒன்றைத் தொடங்கிவிட்டால் தெருவையே கூட்டிவிடுவார். முடிப்பதற்குள் அவருக்கே அலுத்துப்போய்விடும். சர்க்கரைக்கு நடக்கப்போகிறேன் என்று புது ஷூ வாங்கினார். அந்த ஷூ இன்றைக்கும் பரணில் வெங்காயக் கூடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. மகளுக்குப் புத்தக அலமாரி செய்கிறேன் என்று பலகை வாங்கிப் போட்டார். மகள் மாரீஸ்வரி படித்து முடித்து விக்ரோலியில் ஓர் ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. பலகை மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது.

தொழிலில் மட்டும் அரைகுறை என்ற பேச்சே கிடையாது. விடிவதற்கு முன்பே மனைவி பேராச்சி தட்டுகளில் ஈரத்துணி விரித்து இட்லி ஊற்ற ஆரம்பித்துவிடுவாள். சைக்கிளின் பின்னால் அலுமினியப் பானை, கைப்பிடியில் சாம்பார்த் தூக்கும் சட்னி வாளியும். ரப்பர் ஹாரனைப் ‘பாம் பாம்’ என்று அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, வடாலா என்று தெருத்தெருவாகப் போவார் இசக்கிப்பாண்டி. பானை காலியாகி, வெயில் ஏறும் நேரத்தில் வீடு திரும்புவார். அதற்குள் பேராச்சி பாத்திரங்களைத் தேய்த்து, இட்லித் துணிகளை அலசிக் கம்பியில் உலர்த்தி, மறுநாளுக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருப்பாள். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தச் சந்தில் குறைவு.

இசக்கிப்பாண்டி டீ ஆள். வழியெல்லாம் கட்டிங் சாய் என்று அரை டம்ளர் டீயாகக் குடித்துக்கொண்டே போகிறவர். காப்பி வாயில் பட்டாலே நெஞ்செரிச்சல் என்பார். அப்படிப்பட்ட மனிதர் காப்பி விஷயத்தில் தலையைக் கொடுத்ததற்குக் காரணம், அவர்களுடைய கல்யாண நாள்.

அன்றைக்கு மாரீஸ்வரி தன் சம்பளத்தில் இருவரையும் மாட்டுங்காவில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். சாப்பிட்டு முடித்ததும் டபராவும் டம்ளருமாகக் காப்பி வந்தது. பேராச்சி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். “ஹா!” என்றாள்.

இசக்கிப்பாண்டி திடுக்கிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தான் செய்த எதற்கும் அவள் ஒரு ‘ஹா’ சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தங்கத்தில் தோடு வாங்கிக்கொடுத்த அன்றுகூட, “திருகாணி லூசா இருக்கே” என்றுதான் சொன்னாள். யாரோ முகம் தெரியாத ஆள் உள்ளே போட்டு அனுப்பிய காப்பிக்கு ஒரு ஹா! அவருக்குப் பொறாமையே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அறிவித்தார். “ஏட்டி, நாளையிலருந்து வீட்ல உனக்குக் காப்பி நான்தான் போடுதேன்.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் பேராச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அரே அப்பா, ரெண்டு நாள்தான் ஓடும். எழுதித் தாறேன்” என்றாள் மாரீஸ்வரி.

மறுநாள் இட்லி விற்ற கையோடு மாட்டுங்கா மார்க்கெட்டில் சைக்கிளை நிறுத்தினார். அங்கே காப்பிப்பொடிக் கடை வைத்திருக்கும் சுப்ரமணியன் அவருடைய பழைய வாடிக்கை. தினமும் அவரிடம் இட்லி வாங்குகிறவர், இன்றைக்கு அவருக்கே பொடி அரைத்துக் கொடுத்தார். பக்கத்துப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் பில்டர் ஒன்று வாங்கிக்கொண்டு ஹாரன் அடித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தார் இசக்கிப்பாண்டி.

பில்டரில் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றி அலமாரித் தட்டில் வைத்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. தட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், மாடியில் ஜெயினுலாப்தீனின் பை தைக்கிற பட்டறை. நான்கு மிஷின்கள் ஓடத் தொடங்கினால் கீழே சுவரெல்லாம் அதிரும். அந்த அதிர்வில் பொடி கெட்டியாக இறுகிப்போய் அடைத்துக்கொண்டது. இசக்கிப்பாண்டி சும்மா இருப்பாரா? இரும்பு ஏணியில் ஏறிப்போனார்.

“பாய், ஒரு அரை மணி நேரம் மிஷின நிறுத்தணுமே. காப்பி எறங்க மாட்டேங்கு.”

ஜெயினுலாப்தீன் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: “அண்ணாச்சி, உங்க காப்பி எறங்குறதுக்கு நான் மிஷின நிறுத்துனா, எங்க வீட்டு அடுப்புல உலை ஏறாதுல்லா?”

பில்டர் கடுகு டப்பாவாக மாறியது. அடுத்ததாக மாரீஸ்வரி ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிவந்தாள். பொடியையும் வெந்நீரையும் கொட்டி, மேலே இருக்கிற கம்பியை மெதுவாக அமுக்கினால் சக்கை அடியில் போய்விடும், எக்தம் சிம்பிள், ரொம்பச் சுலபம் என்றாள். மெதுவாக என்றுதான் சொன்னாள். ஆனால் வாழ்நாளெல்லாம் ஹாரன் அமுக்கிய கைக்கு மெதுவாக என்றால் என்ன தெரியும்? ஒரே அமுக்கு. காப்பி மேலே பீறிட்டு, சுவர்க் காலண்டரில் இருந்த முருகனுக்கு அபிஷேகமாகிவிட்டது. ஜாடி அன்றைக்குத் தப்பியது. மறுநாள் அந்தக் குறுகலான சமையல்கட்டில் இட்லிப் பானையைத் திருப்பும்போது இடிபட்டு நொறுங்கியது.

அதற்குப் பிறகு செல்போனில் ஒரு கரண்ட் காப்பி மிஷினைக் காட்டினார் இசக்கிப்பாண்டி. பேராச்சி கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தாள். “போதும், விட்டுருங்க. நான் டீயே குடிச்சுக்கிடுதேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. இது இப்படித்தான் முடியும் என்று தெரிந்தவள் போலச் சொன்னாள். அது அவரைச் சுருக்கென்று தைத்தது. சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மறுநாள் சுப்ரமணியனிடம் போய் நின்றார். “சாமி, மிஷினும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஆகச் சிம்பிளா ஒரு வழி சொல்லுங்க. இதுலயும் தோத்தா எனக்கு வீட்ல மரியாத இல்ல.”

சுப்ரமணியன் சாம்பாரில் இட்லியைத் தோய்த்தபடி சொன்னார்: “சிம்பிள்தானே? ஒரு பாத்திரத்துல பொடியப் போடுங்கோ. கொதிச்ச தண்ணிய விட்டு ஒரு கலக்குக் கலக்கி மூடி வைங்கோ. சக்க அடியில தங்கினதும் துணியில வடிகட்டிப் பால விடுங்கோ. இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. பொடி மட்டும் புதுசா இருக்கணும்.”

“துணியா?” என்று இசக்கிப்பாண்டி கடகடவென்று சிரித்துவிட்டார். அவர் வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் துணிக்கு ஏது பஞ்சம்! கம்பி முழுக்க வெள்ளை வெளேரென்று இட்லித் துணி தொங்குகிறது. அதில் இருப்பதிலேயே சுத்தமான ஒன்றை எடுத்து, சோப்புப் போட்டு இன்னொரு தரம் அலசி, வெயிலில் காயவைத்தார்.

இந்த முறை தவறவே இல்லை. கலக்கினார், மூடினார், காத்திருந்தார், வடித்தார். டிகாக்‌ஷன் கறுகறுவென்று இறங்கியது. சூடான பாலை விட்டு ஒரு ஆற்று ஆற்றி, பிரம்பு மோடாவில் உட்காரவைத்திருந்த பேராச்சியின் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, “ம்” என்றாள்.

ஹா இல்லை. ஆனால் டம்ளர் காலி. இசக்கிப்பாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து இட்லி விற்றுத் திரும்பியதும் முதல் வேலை காப்பிதான். தெருவே ஆச்சரியப்பட்டது. ரெண்டு நாள் என்று சொன்ன மாரீஸ்வரி, வாரங்கள் போன பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஹா மட்டும் வரவில்லை. பொடியைக் கூட்டினார், ம். சீனியைக் குறைத்தார், ம். பாலில் சில நாள் பொடிப்பொடியாகத் திரிந்தாற்போல் தெரிந்தது, பால்காரரோடு சண்டை போட்டு வேறு ஆளிடம் மாறினார். அதற்கும் ம்தான். தான் போட்டதைத் தானே ஒரு வாய் ருசித்துப் பார்க்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை. நெஞ்செரிச்சல்காரர் அல்லவா!

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி வீட்டில் இருந்தாள். “எனக்கும் ஒரு வாய் தாம்மா” என்று அம்மாவின் டம்ளரை வாங்கினாள். பேராச்சி, “உனக்கு வேண்டாம்ட்டி” என்று பறிக்கப் பார்த்தாள். அதற்குள் அவள் குடித்துவிட்டாள். குடித்த வேகத்தில் ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் துப்பினாள்.

“அப்பா! இது காப்பியா, தோச மாவா? சட்னி கொண்டாங்க!”

இசக்கிப்பாண்டி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். காப்பியின் கசப்புக்கு அடியிலிருந்து மெல்லப் புளிப்பு எழும்பி, நாக்கின் ஓரமெல்லாம் பரவியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த புளிப்பு அது. கம்பியில் தொங்கிய துணியை எடுத்து மூக்கில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்கில் மாவு ஊறிய துணி, எத்தனை அலசினாலும் அந்தப் புளிப்பு போகாது. விடிந்தால் மாவு, அடைந்தால் மாவு என்று இருக்கிற மூக்குக்கு அது எப்படித் தெரியும்? பால் திரிந்த காரணமும் இப்போது விளங்கியது. பாவம், அந்தப் பால்காரர்.

அவர் பேராச்சியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏட்டி, மொத நாளே தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன? நானும் இட்லிக்காரிதான.”

“பொறவு என்னத்துக்கு இத்தன நாளு குடிச்ச? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

பேராச்சி சேலை முந்தியை விரலில் சுற்றினாள். “சொன்னா விட்டுருவியளோன்னு பயந்தேன்” என்றாள். “பில்டர விட்டிய, கண்ணாடிய விட்டிய. இதையும் விட்டுட்டா, பொறவு அந்த நேரத்துக்கு நீங்க கொண்டாற பானையத் தேய்ச்சுக்கிட்டு நான் திரும்பத் தொட்டிகிட்டதான் நிக்கணும். நீங்க அடுப்புகிட்ட நிக்கிய, நான் உக்காந்திருக்கேன். புளிச்சா புளிக்கட்டும்னு இருந்துட்டேன்.”

மாடியில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின் ஓடவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஒரு ஹாவுக்காகத் தான் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருக்க, இவள் புளித்த காப்பியை வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நினைத்தபோது இசக்கிப்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மகள் பார்க்கிறாள் என்பதற்காகச் சைக்கிளைத் துடைப்பதுபோல் வெளியே போனார்.

அப்படியே மார்க்கெட்டுக்கும் போய்விட்டார். மாவே படாத, மெல்லிய புது மல் துணி ஒரு முழம் வாங்கினார். வெந்நீரில் போட்டுக் கஞ்சி போக அலசினார். இட்லித் துணிகளோடு கலந்துவிடக் கூடாதே என்று ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கென்று தனியாக ஓர் ஆணி அடித்தார்.

மறுநாள் மாடியில் மிஷின் தடதடக்க, கீழே அவர் கலக்கி, மூடி, வடித்தார். இந்த முறை தானே முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். புளிப்பு இல்லை. நெஞ்செரிந்தால் எரியட்டும் என்று இன்னொரு வாயும் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

மோடாவில் இருந்த பேராச்சி வாங்கி ஊதினாள். குடித்தாள். கண்கள் தாமாக மூடின.

“ஹா!”

இசக்கிப்பாண்டிக்கு முகமெல்லாம் பல். மாடிக்கு ஓடி ஜெயினுலாப்தீனிடம் சொல்லிவிட்டு வருவதற்காக ஏணிப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார். அப்போது பேராச்சி, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

“நாளைக்கும் போடுவியள்லா?”

அவர் ஏணிக்குப் போகவில்லை. திரும்பி வந்தார்.

“போடுவேன்ட்டி. நீ உக்காரு” என்று சொல்லிவிட்டு, காப்பித் துணியைத் தானே அலசிப் பிழிந்து அதன் ஆணியில் மாட்டினார்.