வீட்டு வேலை என்ற பிரிவில் என் அம்மா

அந்தப் புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு வாரம், எல்லோரும் எல்லோரையும் மதிக்க வேண்டும் என்று கொண்டாடுவார்கள். போஸ்டர் ஒட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். இந்த வருடம் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். எனக்கு வந்தது ஒரு கறுப்பினப் பெண் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியது. எழுத்தாளர், தாய், உரிமைக்காகத் தெருவில் இறங்கியவர் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ஊர்வலம், கைது, மேடை, கைதட்டல் என்று இருக்கும், மெட்ரோவில் போக வர நாலு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு பக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். அவருடைய மகள் அவரைவிட வெளுத்த நிறம். பள்ளி வாசலில் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அந்தக் குழந்தையிடம், வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்கிற ஆள் இவர்தானா என்று கேட்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. பதில் சொல்லாமல் தன் ஷூவைப் பார்க்கிறாள். ஆயிரம் பேருக்கு நடுவில் பேசிப் பழகிய அந்த அம்மா, பையை வாங்கிக்கொண்டு, தெரு திரும்பும் வரை மகளுக்கு ஓர் அடி பின்னாலேயே நடக்கிறார். திட்டவில்லை, அழவில்லை. அந்த ஓர் அடியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த மகளுக்கு ஒன்பது வயது. நான் அதே காரியத்தைச் செய்தபோது எனக்கு முப்பத்தாறு.

என் அம்மா இந்த நகரத்தில் தெருப் பெருக்கியவள். பழைய கன்டோன்மென்ட் பக்கம் ஒரே ஓர் அறை இருந்த வீட்டில் என்னை வளர்த்தாள். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிகள் சங்கத்தில் அவள் குரல்தான் பெரிய குரல். மைக் கொடுத்தால் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, உருதுவில் முடிப்பாள். கையுறை கேட்டு, கழிவறை கேட்டு, அவள் சொல்லச் சொல்ல எத்தனையோ மனுக்களை நான் பள்ளி நோட்டில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லா ஆபீசிலும் பீற்றிக்கொள்வாள். சாமி பூதம் எதுவும் கிடையாது. வீட்டில் புத்தர் படம் மட்டும் உண்டு. இப்போது என் ஃபிளாட்டின் ஹாலிலும் ஒரு புத்தர் சிலை இருக்கிறது. வருகிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

என் மகள் பிறந்து, எனக்கு விடுப்பு முடிந்தபோது, அம்மா சீக்கிரமே வேலையிலிருந்து நின்றுகொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் நாள் நான் மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் குடியிருப்பில் யார் உள்ளே வந்தாலும் வாசலில் செக்யூரிட்டி போட்டோ எடுத்து நம் போனுக்கு அனுப்புவார். போட்டோவில் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கீழே வருகையாளர் வகை என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று செக்யூரிட்டியே போட்டிருந்தார். அனுமதி, மறுப்பு என்று இரண்டே பொத்தான்கள். அனுமதியை அமுக்கினேன்.

அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கவனித்தேன். சாயங்காலம் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கீழே ஆபீசில் ஒரு படிவம் கொடுத்தால் போதும். நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாக இருந்தது. பெற்றோர் என்று பதிந்தால் இங்கே உடனே பெரியவர்கள் குழுவில் சேர்த்துவிடுவார்கள். காலை யோகாவில் யாராவது அம்மாவிடம், நீங்க எந்த பேங்க்ல ரிட்டயர் ஆனீங்க என்று கேட்பார்கள். அம்மா சொல்லிவிடுவாள். அவளுக்கு என்ன வெட்கம்? வெட்கமெல்லாம் எனக்குத்தான்.

ஒரு வாரத்தில் அம்மாவுக்கு, ஆங்கிலத்தில் அதே 'வீட்டு வேலை' அச்சடித்து, கயிறு போட்ட பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். வேலைக்காரர்களுக்கு என்று தனியாக இருந்த லிஃப்டில் அம்மா மேலே வந்தாள். போகும்போது அவள் கைப்பையைத் திறந்து பார்த்தார்கள். மூன்று வருடம். அம்மா என்னிடம் அதைப் பற்றி ஒருமுறை கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே பூங்காவில் யாரோ ஒரு பெண்மணி என்னிடம், உங்க ஆயா ரொம்ப நல்ல மாதிரி, எங்கே பிடிச்சீங்க என்றார். அம்மா குழந்தையோடு பக்கத்திலேயே இருந்தாள். நான் சிரித்தேன். அம்மா குனிந்து, குழந்தையின் ஷூவில் ஏற்கெனவே கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி, ஒரே நாள். பழைய வீட்டில் வைத்துத்தான் எல்லாம் செய்தோம். பெரிய கூட்டம்.

அதற்கடுத்த திங்கள்கிழமையிலிருந்து காலை எட்டரைக்கு என் போன் ஒருமுறை அதிரும். உங்கள் பணியாளர் இன்று வரவில்லை என்று செய்தி. தினமும் வருகிறது. அதைத் தொட்டால் ஒரு காலண்டர் திறக்கும். அம்மா வந்த நாளெல்லாம் பச்சை, வராத நாளெல்லாம் சிவப்பு. பச்சையைத் தொட்டால் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் இருக்கும். செத்த பிறகும் வந்து நிற்பதென்றால் அங்கேயும் நாலு பேரைச் சேர்த்துச் சங்கம் வைத்துவிட்டுத்தான் வருவாள், அப்படிப்பட்டவள். ஆனாலும் எட்டரைக்குப் போன் அதிர்ந்ததும் என் கண் கதவுக்குப் போகும். அம்மா பெல் அடிக்க மாட்டாள். அந்த அட்டையின் முனையால் கதவை இரண்டு தட்டு தட்டுவாள். குழந்தை தூங்கினால் எழுந்துவிடும் என்று. பல நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தும் பார்த்திருக்கிறேன்.

பதிவை நீக்கினால் செய்தி நின்றுவிடும். ஆனால் அந்த நேரங்களும் போய்விடும். அதனால் விட்டுவைத்திருந்தேன். புத்தகத்தைப் படித்த பிறகு அப்படி விட்டுவைக்கவும் முடியவில்லை. ஒரே கேள்வி பிடித்து ஆட்டியது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவுக்குத் தெரியுமா? அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. தெரியாமலே போயிருந்தால் நான் தப்பித்தேன். தெரிந்து மூன்று வருடம் வந்து போயிருந்தால், நான் என்ன செய்வேன்?

அந்த எழுத்தாளர் மகளை மன்னித்ததாக எங்காவது எழுதியிருக்கிறாரா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை. அடுத்த அத்தியாயத்தில் அவர் பாட்டுக்கு ஏதோ பொதுக்கூட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும் இந்த அம்மாவுக்கு?

போன சனிக்கிழமை காலை கீழே செக்யூரிட்டி ஆபீசுக்குப் போனேன். கன்னடக்காரரான சூப்பர்வைசர், நல்ல மனிதர், வருடக்கணக்காக அங்கேயே இருக்கிறார். பதிவை நீக்க வேண்டும் என்றேன். கம்ப்யூட்டரில் காரணம் கேட்டது. வேலையை விட்டார், நிறுத்தப்பட்டார், ஊருக்குப் போனார். மூன்றுதான் இருந்தன. இறந்தார் என்று ஒன்று இல்லை.

"எதப் போடட்டும் மேடம்?"

"அவங்க வேலைக்காரி இல்ல சார். எங்கம்மா."

மூன்றரை வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை.

"கொத்து மேடம்," என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். "நமக்கெல்லாம் தெரியும்."

பக்கத்தில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். என் எதிர்வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள். தினமும் வராந்தாவில் பார்க்கிற முகம்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம். அக்கா சொல்லியிருந்துச்சு, யாரும் எம் பொண்ண ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு. சாவுக்குக்கூட நாங்க பத்து பேரு வந்தோமே."

"நீங்களா? எங்க வீட்டுக்கா?"

"ஆமா. நீங்கதான் எனக்குக் காப்பி குடுத்தீங்க. எந்த வார்டுல தெருப் பெருக்கறீங்கன்னு கேட்டீங்க. நான் சும்மா தலயாட்டிட்டேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அழுதுகொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் பார்க்கிற முகத்தை மறைக்கிற அளவுக்கு யாரும் அழ முடியாது.

"அந்த கார்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"கார்டு குடுத்த அன்னைக்கே கேட்டாங்க மேடம், இதுல என்னா போட்டிருக்குன்னு. படிச்சுச் சொன்னேன். பொண்ணு வீடுன்னு சொன்னாங்க. அய்யய்யோ, இப்பவே மாத்திடறேம்மான்னேன். வேணாம்னாங்க."

"ஏன்?"

"அவ வேல அவசரத்துல எதையோ அமுத்திட்டா, அவளே வந்து மாத்துவா, நீ கை வெக்காதன்னாங்க. அப்பப்போ வந்து கேப்பாங்க, என் பொண்ணு வந்தாளான்னு. நான் இல்லம்மான்னுவேன். சரி, பிஸியா இருப்பான்னு போயிடுவாங்க."

பாத்திரம் கழுவுகிறவள் பையை மூடிக்கொண்டு நின்றாள். போகவில்லை.

"இப்ப மாத்துங்க சார்," என்றேன். "அழிக்க வேணாம். அம்மான்னு மாத்துங்க."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி, வேலையாட்கள் பட்டியலிலிருந்து குடும்பத்தார் பட்டியலுக்குப் போனார். அம்மாவின் எண்ணைப் போட்டார். சிவப்பில் ஏதோ வந்தது. இன்னொரு முறை போட்டார். அப்புறம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆகல மேடம். ஃபேமிலின்னா அவங்க நேர்ல வந்து நிக்கணுமாம். புதுசா போட்டோ எடுக்கணும்."