கரண்ட் இல்லாத ஒன்பது நாள்

மடுல்கெல்லைக்குக் கீழே ஒரு பள்ளத்தில், தனியார் கம்பெனி ஒன்றின் சிறிய நீர்மின் நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் அங்கேயே வாழ்வது. இயந்திர அறை, அதையொட்டி ஒரு படுக்கையறை, ஒரு குசினி. முன்பு கண்டியில் அரசாங்க மின்சாரக் கந்தோரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மனைவியும் மகளும் கனடாவுக்குப் போன பிறகு, வெறும் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்காமல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். பகல் முழுவதும் டேர்பைன் இரையும். அந்த இரைச்சலில் ஆள் இல்லாதது பெரிதாகத் தெரியாது.

ஒரு புயல் மழையில் மலைச்சரிவுகள் இறங்கின. கம்பங்கள் சாய்ந்து மெயின் லைன் செத்தது. உடனே எங்கள் மெஷினும் தானாக நின்றது. அது அப்படித்தான். நாங்கள் உண்டாக்கும் மின்சாரம் முழுவதும் அரசாங்கத்தின் கம்பிக்குத்தான் போகிறது. அந்தக் கம்பியில் உயிர் இல்லாவிட்டால் எங்கள் மெஷின் ஓடாது. ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு பெண் சேறும் சகதியுமாக இறங்கி வந்தார். கொழுந்து பறிக்கிறவர். அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்து சுவாசப்பை கெட்டுப்போனவர். பிள்ளைகள் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய ஒட்சிசன் மெஷினில்தான் அவர் மூச்சு விடுகிறார்.

"சார், கரண்டு இங்கதானே உண்டாகுது. எங்க லயத்துக்கு ஒரு வயர் இழுத்துக் குடுங்க. அவருக்கு மூச்சு முட்டுது."

"அப்பிடிக் குடுக்க ஏலாது அக்கா. லைன் வந்தால்தான் மெஷின் ஓடும்."

"தண்ணிதான் ஓடுதே சார்."

ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் ஏறிப்போய் மனேஜரை அழைத்தேன். நிலையத்தில் ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. மதகுகளைத் தூக்கவும் விளக்குகளுக்கும் வைத்தது. நோயாளியை இங்கே கொண்டுவந்து அதில் அவருடைய மெஷினை ஓட விடலாமா என்று கேட்டேன். மனேஜர் கெட்ட மனிதரல்ல. "எனக்கும் விளங்குது. ஆனா வெளியாள் உள்ள வந்து ஏதும் நடந்தால் கம்பெனிதான் பதில் சொல்ல வேணும். வேண்டாம்," என்றார்.

"ஓம் சேர்," என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, அந்தப் பெண்ணிடம், "கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றேன்.

கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். என் கட்டிலை அவருக்குக் கொடுத்தேன். நான் இயந்திர அறையில் பாய் போட்டுக்கொண்டேன். டீசலை மிச்சம் பிடிப்பதற்காக, அவருக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் மட்டும் ஜெனரேட்டரைப் போட்டோம். அந்த அக்கா என் குசினியில் ரொட்டி சுட்டார், சம்பல் அரைத்தார். மூன்று கோப்பைகள் மேசையில் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மூச்சு சீரான நேரங்களில் அக்காவின் கணவர் நிறையப் பேசினார்.

"இந்த மெஷின் யாரோடது சார்?"

"கம்பெனியின்ர."

"கம்பி?"

"அரசாங்கத்தின்ர."

"தண்ணி?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார், சிரித்து இருமினார். "எங்கப்பா காலத்துல தோட்டத்துக்குன்னு சொந்தமா ஒரு டேர்பைன் இருந்துச்சு. ஃபேக்டரிக்கும் தொர பங்களாவுக்கும் வெளிச்சம். லயத்துக்கு மண்ணெண்ண லாம்பு. அப்புறம் அரசாங்கம் போஸ்ட் நட்டப்பதான் நாங்க பல்பு பாத்தோம். அதுக்கும் எத்தன வருசம் அலஞ்சோம்!" பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "யாரோடதா இருந்தாலும் எங்ககிட்ட கடைசியாத்தான் வருது," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

ஒன்பதாம் நாள், டீசல் பீப்பாயின் அடியைத் தட்டிய நேரத்தில், வத்தேகமப் பக்கமிருந்து அரசாங்க லைன்காரர்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். லயத்து ஆண்கள் கம்பங்களைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். வந்தவர்களில் ஒருவர் அக்குறணை முஸ்லிம், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர்.

"தனியார் வேலைக்குப் பெய்த்தா நிம்மதி எண்டு சொன்னீங்களே. எப்பிடி இருக்கீங்க?"

"தனியா இருக்கிறன் நானா," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அரசாங்க மின்சாரத்தையும் கம்பெனிகளாப் பிரிக்கிறாங்க. கடிதம் வந்திருக்கு. புதுக் கம்பெனியில சேர்றதா, காசை எடுத்துக்கொண்டு போறதா எண்டு எழுதிக் குடுக்கணும்."

"என்ன எழுதப்போறீங்கள்?"

"மொதல்ல இந்தப் போஸ்ட நடுவோம்," என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

பின்னேரம் மூன்று மணியளவில் லைனுக்கு உயிர் வந்தது. மேலே லயத்தில் சனங்கள் கூவியது எனக்குக் கேட்டது. நான் மதகைத் திறந்து, மெஷினின் வேகத்தைச் சரிசெய்து லைனோடு இணைத்தேன். எத்தனையோ தரம் செய்த வேலைதான், கை தானாகவே செய்தது. மனம் மட்டும் சந்தோஷப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு மனிதன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நாட்கள் நீள வேண்டுமென்று நினைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுப் பக்கம் வாங்க சார்," என்றார். டேர்பைன் இரைச்சலில் அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடந்ததை நான் நிலையப் பதிவேட்டில் மறைக்காமல் எழுதினேன். மனேஜர் வந்து வாசித்துவிட்டு ஏசினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார், கையெழுத்து வைத்தேன். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இந்தப் பள்ளத்தில் வந்து இருக்க வேறு ஆள் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அக்காவின் கணவர் நல்ல நித்திரை. மூக்கில் குழாய், பக்கத்தில் மெஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. "எழுப்பட்டுங்களா சார்?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் தந்த பிளேன்டீயை வாசலில் நின்றபடியே குடித்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டி, "கரண்டு சார்," என்று சொன்னார். கோப்பையைக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் பள்ளத்தில் இறங்கத் தொடங்கினேன்.